மிதவை கேட்ட பச்சைத் தண்ணீர்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை.

கண்ணாடிக் குழாய் ஒன்று வாய் திறந்து பேசியதில் எனக்குச் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்த மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் நானும் ஒருவன். ஆகவே பேசத் தேவையில்லாத ஒரு பொருள் பேசியது என்றால் ஏற்றுக்கொள்வது கடினமில்லை. அது சொன்ன விஷயம்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மற்றவற்றை அளப்பதற்கென்றே பிறந்த ஒன்று, முதலில் தன்னை அளந்து பார்க்கச் சொன்னதாம். அதுவும் எல்லோருக்கும் முன்னால்.

எனக்குச் சொன்னவர் குகதாசன். ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்தில், மனைவி சுகிர்தாவுடன் இருக்கிறார். நிலவறையில் தனியாக வேலை செய்பவர்கள் பொருட்களோடு கதைப்பது புதிதல்ல. பொருட்கள் பதில் சொன்னதாகச் சொன்னவர் எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அந்த நிலவறையில் ஒரு வெள்ளை வாளி இருந்தது. அதற்குள் வாற்கோதுமைச் சாறு பியராக மாறிக்கொண்டிருந்தது. மாற்றுகிறவர்கள் ஈஸ்ட் கூட்டத்தார். கண்ணுக்குத் தெரியாதவர்கள். சாற்றிலுள்ள சீனியைத் தின்று, வாயுவை விடுவதுதான் அவர்கள் தொழில்.

வாளியின் மூடியில் வளைந்த குழல் ஒன்று செருகியிருந்தது. அதன் வளைவில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு 'குளுக்' என்று வெளியேறும். அதைக் குமிழ்க்குழல் என்று அழைத்தார்கள். நிலவறையில் அதிகம் பேசுவது அதுதான்.

சுவரில் ஒரு தாள். பியர் செய்யும் முறையைக் குகதாசன் அகராதி பார்த்துத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். அந்த வீட்டுப் பொருட்கள் எல்லாம், எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும், யாழ்ப்பாணத் தமிழ் பேசும். தாள் மட்டும் அகராதித் தமிழ்.

முப்பது போத்தல்கள் கழுவிக் கவிழ்த்தபடி நின்றன. இருபத்தொன்பது புதியவை. ஒன்று பழையது.

கடைசியாக மிதவை. அடியில் சிறு ஈயக் குண்டுகளும், மேலே மெல்லிய கழுத்தும் கொண்ட கண்ணாடிக் குழாய். கழுத்துக்குள் கோடுகள் போட்ட ஒரு காகிதச் சுருள். சீனி அதிகமான சாற்றில் அது உயர்ந்து மிதக்கும். சீனி குறையக் குறைய இறங்கும். முதல் நாள் நாற்பத்தெட்டாம் கோட்டில் நின்றது. பத்தாம் கோட்டுக்கு வந்தால் வேலை முடிந்தது என்று தாளில் எழுதியிருந்தது.

பத்தாம் நாள் காலையில் குமிழ்க்குழலின் சத்தம் நின்றது.

"முடிஞ்சுது," என்றது குமிழ்க்குழல். "ஒன்பது நாள் தொண்டை காயக் கத்தினன். இனி உள்ளுக்கை ஒண்டும் இல்லை. கெதியா அடையுங்கோ."

"பத்தாம் நாள். பத்தாம் கோடு. போத்தலில் அடைக்கவும்," என்றது தாள்.

"உமக்கு வேறை ஒண்டும் சொல்லத் தெரியாதோ காணும்?" என்று கேட்டது வாளி.

"தெரியாது. எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கவும்."

புதிய போத்தல்கள் சிரித்தன. "எங்களை எப்ப நிமித்தப் போறியள்? கவிண்டு நிண்டு தலை சுத்துது."

பழைய போத்தல் சிரிக்கவில்லை. போன முறையும் அது இருந்தது. போன முறையும் குமிழ்க்குழல் இதையேதான் சொன்னது, அப்போது வீட்டில் மிதவை இல்லை. குமிழ்க்குழல் அடங்கியதும் குகதாசன் அடைத்துவிட்டார். உள்ளே சீனி மிச்சம் இருந்தது. ஈஸ்ட் கூட்டத்தார் மூடிய போத்தல்களுக்குள்ளும் தின்றார்கள். வாயு போக வழியில்லை. மாடிப்படிக்குக் கீழேயுள்ள அலுமாரிக்குள் ஒன்பது போத்தல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வெடித்தன. பக்கத்தில் இருந்த அரிசி மூட்டை முழுக்கக் கண்ணாடித் துண்டு. சுகிர்தா அரிசி எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"எனக்குப் பக்கத்திலை நிண்டவன்தான் முதல் போனவன்," என்றது பழைய போத்தல். "கதைச்சுக்கொண்டு இருக்கேக்கை போனான்."

புதியவை அடங்கின.

அப்போது குகதாசன் படியிறங்கி வந்தார். அவர் அவசரத்தில் இருந்தார். அன்று பன்னிரண்டாம் திகதி. அவரோடு இருபது வருடம் ஒரே இயந்திரத்தில் வேலை செய்த வெர்னர் இருபத்தாறாம் திகதி ஓய்வு பெறுகிறார். "உன் கையால் செய்த பியர் வேண்டும்" என்று கேட்டிருந்தார். போத்தலில் அடைத்தபின் பதினான்கு நாள் இருந்தால்தான் நுரை வரும். இன்று அடைத்தால் சரியாக இருக்கும். நாளை அடைத்தால் பிந்திவிடும்.

உடுப்புத் தோய்க்க வந்த சுகிர்தா கூடையுடன் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஜெர்மன்காரனுக்கே பியர் செய்து குடுக்கப் போறியளோ? வெர்னர் எங்களுக்குத் தோசை சுட்டுத் தாற மாதிரியெல்லோ இருக்கும்."

"அவர்தான் கேட்டவர்."

"மரியாதைக்குக் கேட்டிருப்பார். நீங்கள் மரியாதைக்கு மறந்திருக்கலாம்."

"வாக்குக் குடுத்திட்டன்."

"குடுங்கோ. ஆனா இன்னொருக்கா வெடிச்சா, இந்த வாளியிலை நான் ஊறுகாய் போடுவன். சொல்லிப் போட்டன்."

வாளிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் சொன்னால் செய்வாள்.

அவள் மேலே போனதும் குகதாசன் வாளியின் அடிக் குழாயைத் திருகி, உயரமான ஒரு சாடியில் கொஞ்சம் பியர் பிடித்தார். மிதவையை அதில் இறக்கினார். அது இரண்டு முறை ஆடி நின்றது. அவர் குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

பத்து.

"சொன்னனான்," என்றது குமிழ்க்குழல்.

"அடைக்கவும்," என்றது தாள்.

புதிய போத்தல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. குகதாசன் நிமிர்ந்து, நுரை வருவதற்காகப் போத்தலுக்குள் கொஞ்சம் சீனி அளந்து போடும் கரண்டியைத் தேடினார். அந்த நேரத்தில்தான் மிதவை பேசியது.

"கொஞ்சம் பொறுங்கோ. என்னை முதல் பச்சைத் தண்ணியிலை விட்டுப் பாருங்கோ."

"ஏன்?" என்றார் குகதாசன்.

"போன மாசம் ஈரம் போகட்டும் எண்டு என்னை மேசை விளிம்பிலை தட்டினனீங்கள். ஞாபகம் இருக்கோ? அண்டைக்கு எனக்குள்ளை ஏதோ வழுகின மாதிரி இருந்தது. என்ரை காகிதமாத்தான் இருக்க வேணும்."

குமிழ்க்குழல்தான் முதலில் வாய் திறந்தது.

"இதை இப்பவோ சொல்லுறீர்?"

"அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. பயம். பிழையான மானியை ஆர் வீட்டிலை வைச்சிருப்பினம்?"

"அப்ப இண்டைக்கும் பேசாமல் இருந்திருக்கலாமே. நீர் பத்து எண்டு காட்டிறீர். தாளும் பத்து எண்டு சொல்லுது. நானும் நிண்டிட்டன். ஒருதரும் உம்மைக் கேள்வி கேக்கேல்லை. ஏன் வீணா வாயைக் குடுக்கிறீர்?"

மிதவை கவிழ்ந்து நின்ற போத்தல்களைப் பார்த்தது. "முப்பது பேர் நிக்கினம்," என்றது.

குகதாசன் சாடியைக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். அது சீனியோ வேறெதுவோ கலக்காத வெறும் பச்சைத் தண்ணீர். அதில் மிதவை பூஜ்யத்தில் நிற்க வேண்டும். எந்த மிதவையும் அப்படித்தான்.

அது பூஜ்யத்தில் நிற்கவில்லை. பூஜ்யத்துக்கும் கீழே நாலு கோடு குறைத்துக் காட்டியது.

அப்படியானால் பியரில் அது காட்டிய பத்து, உண்மையில் பதினாலு. உள்ளே இன்னும் சீனி இருந்தது.

புதிய போத்தல்களில் ஒன்று சிரித்தது. பிறகு எல்லாம் சிரித்தன. "பிழையான மானி, பிழையான மானி." தாள் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு நிலைமைக்கு அதில் ஒரு வரியும் எழுதப்படவில்லை.

பழைய போத்தலுக்குக் கோபம் வந்தது. "போன முறை வாய்க்காரனை நம்பினம், ஒன்பது பேர் போச்சினம். இந்த முறை பிழைகாரனை நம்பியோ எங்கடை உயிர்? ஒண்டில் சரியாச் சொல்லும், இல்லாட்டிச் சொல்லாமல் விடும்."

"என்னை நம்ப வேண்டாம்," என்றது மிதவை. "என்ரை எண்ணையும் நம்ப வேண்டாம். நான் அசையிறனோ எண்டு மட்டும் பாருங்கோ."

"அதென்ன கதை?"

"என்ரை பிழை இண்டைக்கு நாலு எண்டா நாளைக்கும் நாலுதான். பிழை சீனி தின்னாது. நாளைக்கும் இதே கோட்டிலை நான் நிண்டா, உள்ளுக்கை சாப்பாடு முடிஞ்சுது. கீழை இறங்கினா, ஆரோ இன்னும் சாப்பிடுகினம். ஒரு நாள் பாத்து எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணியிலை நான் சரியா நிண்டிருந்தாலும் மூண்டு நாள் பாருங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன்."

பழைய போத்தல் யோசித்தது. பிறகு வாளியிடம், "உள்ளுக்கை இருக்கிறவையைக் கேளும்," என்றது.

வாளி தன் வயிற்றுக்குள் குரல் கொடுத்தது. பிறகு அடியிலிருந்து ஒரு தூக்கக் குரல் வந்தது.

"ரெண்டு நாளாச் சரியான குளிர். எல்லாரும் அடியிலை படுத்திட்டம்."

"சாப்பாடு முடிஞ்சுதோ?"

"எங்கை முடிஞ்சது? மிச்சம் கிடக்கு. பிறகு சாப்பிடுவம்."

"பிறகு எண்டா எங்கை வைச்சு?" என்று கேட்டது பழைய போத்தல்.

"எங்கை கொண்டுபோய் விடுறியளோ அங்கை," என்று சொல்லிவிட்டு ஈஸ்ட் கூட்டத்தார் மறுபடி தூங்கிப் போனார்கள்.

அதன்பின் போத்தல்கள் சிரிக்கவில்லை. குமிழ்க்குழல் மட்டும் மெதுவாகச் சொன்னது: "நான் பொய் சொல்லேல்லை. காத்து வந்தால் கத்துவன், வராட்டி நிப்பன். நான் சும்மா நிண்டதைப் பதில் எண்டு எடுத்தது நீங்கள்தானே." அது உண்மைதான். தானே 'முடிஞ்சுது' என்று அறிவித்ததை மட்டும் அது மறந்திருந்தது.

குகதாசன் கடைசிப் படியில் உட்கார்ந்தார். இந்த இடத்தை அவர் எனக்கு ஒளிக்காமல் சொன்னார். தண்ணீரைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, எதையும் பார்க்காதவர் போல அடைக்கத் தொடங்கலாம் என்று நினைத்தாராம். மிதவை பத்து என்று காட்டியதை அவர் கண்ணால் கண்டார். தாளிலும் பத்து. வெடித்தால்கூடக் குற்றம் மிதவையினுடையது. வெர்னருக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறும். அவர் சீனிக் கரண்டியைக் கையில் எடுத்தாராம். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாராம்.

பிறகு மேலே கூப்பிட்டார். "சுகிர்தா, வாளிக்குக் குளிருது."

அவள் வந்து வாளியைத் தொட்டுப் பார்த்தாள். மேலே போய் அவர் உடுத்தும் நீலக் கட்டம் போட்ட சாரத்தைக் கொண்டுவந்து வாளியின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"உது என்ரை நல்ல சாரம்."

"வாளி உங்களை விட வடிவாத்தான் உடுத்திருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாளிக்குச் சூடு ஏறியது. மறுநாள் காலை குமிழ்க்குழல் ஒரு தடவை 'குளுக்' என்றது. வெட்கத்துடன் என்றுதான் குகதாசன் சொல்வார். மிதவையை இறக்கினார். எட்டு. அது இறங்கியிருந்தது. அதாவது நேற்று அடைத்திருந்தால் முப்பதும் போயிருக்கும்.

பதினாலாம் திகதி, ஆறு.

"இப்ப?" என்று புதிய போத்தல்கள் கேட்டன.

"தெரியாது," என்றது மிதவை.

பதினைந்தாம் திகதி, ஆறு.

"இப்ப?"

"அசையேல்லை. ஆனா இன்னும் தெரியாது."

"உமக்கு எப்பதான் தெரியும்?"

"எனக்குத் தெரியிறதில்லை. நான் நிக்கிறன், அவ்வளவுதான்."

அன்று ஒரு பொறுமையில்லாத போத்தல் தாளைக் கேட்டது, வேறு யாரும் இல்லாத குறைக்கு. தாள் வெகு நேரம் தன்னைத்தானே வாசித்துப் பார்த்துவிட்டு, "குறிப்பு இல்லை," என்றது. அது அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பதினாறாம் திகதியும் ஆறு. மூன்று காலை ஒரே கோடு. ஆறோடு அந்த நாலையும் கூட்டினால் தாளில் எழுதியிருந்த அதே பத்து. குகதாசன் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு மிதவையிடம் கேட்டார்: "முடிஞ்சுதோ?"

"மூண்டு நாளா நான் ஓரிடத்திலை நிக்கிறன்," என்றது மிதவை. "மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேணும்."

குகதாசன் போத்தல்களை நிமிர்த்தினார். புதியவை இப்போது தள்ளி முன்னுக்கு வரவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"என்னை முதல் நிரப்புங்கோ," என்றது பழைய போத்தல்.

இருபத்தாறாம் திகதி குகதாசன் ஆறு போத்தல்களைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். பழைய போத்தலும் அதில் இருந்தது. அடைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் வெர்னரிடம் பெட்டியைக் கொடுத்து, "முப்பதாம் திகதிதான் திறக்க வேண்டும்" என்றார். வேலையிடத்து ஆட்கள் சிரித்தார்கள். குடிக்கக்கூடாத பியரை விழாவுக்குக் கொண்டுவந்த முதல் மனிதன் இவர்தான் என்றான் ஒருவன். குகதாசனும் சிரித்தார். கன்னம் சுட்டது என்றார் என்னிடம். சுகிர்தா கொடுத்தனுப்பிய கடலை வடை பத்து நிமிடத்தில் முடிந்துபோனது, அது ஓரளவு மானத்தைக் காப்பாற்றியது.

முப்பதாம் திகதி பின்னேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தார். மறுபக்கம் யாரும் பேசவில்லை. பிறகு 'டப்' என்று கம்பி மூடி திறக்கும் சத்தம். பிறகு ஊற்றுகிற சத்தம், மெதுவாக, சாய்த்துப் பிடித்த கிளாஸில்.

"குகா," என்றார் வெர்னர் கடைசியில். "இரண்டு விரல் நுரை. இன்னும் நிற்கிறது."

வெர்னர் குடித்துவிட்டு என்ன சொன்னார் என்று குகதாசன் சொல்வதில்லை. அலுமாரியில் மிச்சமிருந்த இருபத்துநாலு போத்தல்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை என்பதைச் சொல்லி முடிப்பார். பழைய போத்தலை வெர்னர் கழுவித் திருப்பிக் கொடுத்தாராம். வாளியில் இன்றுவரை ஊறுகாய் போடப்படவில்லை.

இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் ஏன் நம்பவில்லை என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். நானும் என் வாழ்க்கையில் நிறையப் பேரை அளந்திருக்கிறேன். இவன் இவ்வளவு, அவள் அவ்வளவு என்று கோடு பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே நாளில். எனக்குள்ளும் எப்போதோ ஏதோ வழுகியது போல இருந்ததுண்டு. பச்சைத் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்கிற ஒன்று இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் போயிருக்கலாம்.

போன இலையுதிர்காலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குகதாசன் என்னை நிலவறைக்குக் கூட்டிப் போனார். வாளி இருந்தது. சாரம் வெளிறிப் போயிருந்தது, இப்போது அது வாளியினுடையது. சுவரில் அதே தாள். அதன் தலைப்பில், மற்ற எழுத்துகளிலிருந்து வேறுபட்ட மையில், ஒரு வரி புதிதாக இருந்தது: 'முதலில் மிதவையைப் பச்சைத் தண்ணீரில் விடவும்.'

"புது மிதவை வாங்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஏன் வாங்க வேணும்? இதின்ரை பிழை எவ்வளவு எண்டு எனக்குத் தெரியும்."

அவர் அனுமதியோடு நானே சாடியில் தண்ணீர் பிடித்து மிதவையை இறக்கினேன். ஆடி நின்றது. குனிந்து பார்த்தேன். நாலு கோடு குறைவு. வருடங்கள் போயும் ஐந்தாகவோ மூன்றாகவோ ஆகவில்லை. நான் அதோடு பேசிப் பார்க்கவில்லை. அது பேச வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை.

குனிந்தபடி இருந்தபோதுதான் என் சந்தேகம் இவ்வளவு காலமும் தவறான இடத்தில் இருந்தது என்று பட்டது. மிதவையை நான் சந்தேகித்திருக்கத் தேவையில்லை, அது சொல்வதைக் கேட்கிற ஆளைத்தான் சந்தேகித்திருக்க வேண்டும். நிமிர்ந்து, இத்தனை வருடமும் கேட்காமல் வைத்திருந்ததை அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்குப் பச்சைத் தண்ணியிலை அது சரியாப் பூஜ்யத்திலை நிண்டிருந்து, அதுக்குப் பிறகு 'இன்னும் மூண்டு நாள் பொறுங்கோ' எண்டு சொல்லியிருந்தால், நீங்கள் கேட்டிருப்பியளோ?"